அகதி மாணவரும் மாணவர் சங்கங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மாணவர் சங்கம் என்ற மாத்திரத்தே நம் மனக்கண்முன் வந்து நிற்பன விவாத அரங்கும், நாடக மேடையும், ஆண்டு முடிவில் நிகழும் விருந்துமே. இவை யாவும் வேண்டப்படுவனவே. ஆயினும், கற்கும் பருவத்து இளைஞர் ஒன்றுகூடி, நாடும் வீடும் இழந்து வந்த தம்மையொத்த இளைஞருக்குக் கைகொடுத்த வரலாறு ஒன்றும் உண்டு. அது கடந்த நூறாண்டுகளாகத் தொடர்ந்து வருவது. போர்களையும் ஒப்பந்தங்களையும் விரித்துரைக்கும் நம் பாடநூல்களில் அவ்வரலாற்றுக்கு ஓர் அடிக்குறிப்பளவேனும் இடமில்லை. அதனை ஒருவாறு தொகுத்துரைப்பதும், அதிலிருந்து நம் கல்லூரிச் சங்கங்கள் கற்கத்தக்கது யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராதனையில் பயின்ற பழைய மாணவர் பலருக்கு ‘வுஸ்’ என்னும் சிற்றுண்டிச்சாலை நினைவிருக்கும். வெளிவாரி மாணவனாகப் பட்டம் பெற்ற யான் அங்கிருந்து தேநீர் அருந்தும் பேறு பெற்றிலேன். நண்பர் வாயிலாகவே அப்பெயரைக் கேட்டேன். அது யாரோ ஒரு வணிகரின் பெயர் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ‘உலகப் பல்கலைக்கழகச் சேவை’ என்னும் அமைப்பினது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே அவை என்பதைப் பின்னரே அறிந்தேன். அவ்வமைப்பின் மூலத்தைத் தேடிச் செல்வோர் 1920 ஆம் ஆண்டின் மாரிகாலத்து வியன்னா நகரிற் போய் நிற்பர்.

முதலாம் உலகப் போர் 1918 இல் முடிவுற்றபோது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறுண்டது. ஐந்து கோடி மக்களை ஆண்ட தலைநகராகிய வியன்னா, ஒரு சிறு நாட்டின் அளவுக்கு மிஞ்சிய தலையாக எஞ்சியது. தானியம் தந்த ஹங்கேரியும் நிலக்கரி தந்த பொகீமியாவும் அயல்நாடுகளாயின. பல்கலைக்கழகத்திற் கற்ற மாணவருட் பலர் நாளொன்றுக்கு ஒருவேளை உணவும் இன்றி, போர்க்களத்தில் அணிந்த கிழிந்த சீருடையையே ஆடையாகக் கொண்டு, கணப்பில்லாத அறைகளிற் காலங்கழித்தனர். போரின்போது கிழக்கெல்லையிலிருந்து ஓடிவந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டு பெப்ரவரி மாதம் ரூத் றௌஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி அந்நகருக்குச் சென்றார். அவர் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் செயலாளருள் ஒருவர். தாம் கண்ட நிலையை அவர் பல நாட்டு மாணவருக்கும் எழுதியறிவித்தார். 1920 ஓகஸ்ட் மாதத்தில் சுவிற்சர்லாந்து நாட்டின் பேயாட்டன்பேர்க் என்னும் மலையூரிற் கூடிய அச்சம்மேளனம், ‘ஐரோப்பிய மாணவர் நிவாரணம்’ என்ற பணியைத் தொடங்கிற்று.

இப்பணி கடைப்பிடித்த இரு விதிகள் ஊன்றி நோக்கத்தக்கன. முதலாவது விதி, இனம், நாடு, சமயம் என்னும் வேறுபாடு கருதாது தேவையொன்றையே அளவுகோலாகக் கொள்ளல் என்பது. இதனை வெறும் நல்வாக்கியம் என்று தள்ளிவிடல் பொருந்தாது. அதே 1920 ஆம் ஆண்டில் ஹங்கேரி நாடு, பல்கலைக்கழகங்களில் யூத மாணவரின் தொகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. வியன்னாவிலும் யூத மாணவர்மீது பகைமை மிகுந்திருந்தது. ஒரே கல்லூரியிற் கற்பவரே ஒருவரையொருவர் வெளியே தள்ள முற்பட்ட வேளையில், ஒரே பந்தியில் யாவருக்கும் உணவிட வேண்டுமென ஒரு கிறிஸ்தவ அமைப்பு வற்புறுத்தியது என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது விதி, உதவி பெறுவோர் தாமே அப்பணியை நடத்துதல் வேண்டும் என்பது. மாணவர் குழுக்களே உணவுச்சாலைகளை நிருவகித்தன. செருப்புத் தைக்கும் பட்டறை, ஆடை திருத்தும் கடை முதலியவற்றை மாணவர் கூட்டுறவு முறையில் நடத்தினர். பிராக் நகரில் உறைவிடமின்றித் தவித்த மாணவர், லெற்னா மேட்டில் தங்கள் விடுதியைத் தங்கள் கையாலேயே கட்டினர். யேர்மனியில் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக்கொண்டே கற்கும் ‘உழைக்கும் மாணவன்’ என்ற புதுவகையினர் தோன்றினர். பிச்சை ஏற்பவன் தலைகுனிவான். தன் பந்திக்குத் தானே நீர் வார்ப்பவன் தலைநிமிர்ந்திருப்பான். இவ்வுண்மையை இப்பணியாளர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர்.

நாடிழந்த மாணவரின் வரவு இக்காலத்திலேயே பெருகிற்று. ரஷ்ய உள்நாட்டுப் போரிலே தோற்ற தளபதி ரங்கெலின் படையினரும் குடிமக்களுமாக ஏறத்தாழ 150,000 பேர், 1920 நவம்பரிற் கிறைமியாவிலிருந்து கப்பலேறிக் கொன்ஸ்தாந்திநோபிளை அடைந்தனர். படிப்பை இடையில் விட்டுத் துப்பாக்கி ஏந்திய இளைஞர் அவருட் பலர். 1921 இல் சர்வதேச சங்கம் பிரிட்ஜொவ் நான்சன் என்பாரை ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையாளராக நியமித்தது. கடவுச்சீட்டு இல்லாதோருக்கென 1922 இல் உருவாகிய சான்றிதழ், ‘நான்சன் கடவுச்சீட்டு’ எனவே வழங்கலாயிற்று. செக்கோசிலோவாக்கிய அதிபர் மசாரிக், தாமும் ஒரு பேராசிரியராதலின், ஆயிரக்கணக்கான ரஷ்ய மாணவரைப் பிராக் நகருக்கு வரவழைத்து அரசாங்கச் செலவிற் கற்பித்தார். அரசு வாயிலைத் திறந்தவிடத்து, மாணவர் நிவாரணம் உணவும் உடையும் நூலும் அளித்து உள்ளே அழைத்துச் சென்றது. 1922 ஏப்ரலில் அந்நாட்டின் தூர்நொவ் என்னும் சிற்றூரிற் கூடிய மாநாட்டில், நான்கே ஆண்டுகளின்முன் எதிரெதிர் அகழிகளிற் கிடந்த நாடுகளின் மாணவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசினர். இவ்வைந்தாண்டு முயற்சியை றௌஸ் அம்மையார் 1925 இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். பின்னர் இவ்வமைப்பு திருச்சபைத் தொடர்பினின்றும் விலகி, ‘சர்வதேச மாணவர் சேவை’ என்னும் பெயருடன் ஜெனீவாவிலிருந்து இயங்கலாயிற்று.

அடுத்த சோதனை யேர்மனியிலிருந்தே வந்தது. ஹிட்லர் ஆட்சியேறிய சில மாதங்களில், 1933 ஏப்ரல் 25 ஆம் நாட் பிறந்த சட்டம், புதிதாகச் சேரும் மாணவருள் யூதர் நூற்றுக்கு ஒன்றரை வீதத்தை மேவலாகாது என விதித்தது. அதே மாதத்தின் தொடக்கத்தில் யூத ஆசிரியரும் அரசியல் எதிரிகளும் பதவிநீக்கப்பட்டனர். இலண்டன் பொருளியற் கல்லூரியின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு சிறு வீதத்தை மாதந்தோறும் ஒதுக்கி, வெளியேற்றப்பட்ட ஆசிரியருக்கு உதவினர். 1938 நவம்பரில் யேர்மனியெங்கும் யூத ஆலயங்கள் எரியூட்டப்பட்டபோது, அமெரிக்க ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவர் ஒரு குழு அமைத்தனர். அகதி மாணவரின் உணவுக்கும் உறையுளுக்கும் வேண்டிய பணத்தை மாணவர் திரட்டுவராயின், தலைக்கு 500 டொலர் வீதம் 20 புலமைப்பரிசில்களைத் தாம் அளிப்பதாகப் பல்கலைக்கழக நிருவாகம் அறிவித்தது. நிருவாகத்தின் நிதி மாணவரின் முயற்சிக்குப் பின்னே வந்தது என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டுவது.

ஆசியாவில் ஒரு பல்கலைக்கழகமே அகதியாயிற்று. 1937 இல் யப்பானியப் படை வட சீனத்தைக் கைப்பற்றியபோது, பீக்கிங், சிங்குவா, நன்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் ஒன்றிணைந்து தெற்கே சாங்சாவுக்குப் பெயர்ந்தன. அங்கும் ஆபத்து அணுகவே, 1938 பெப்ரவரியில் மாணவரும் ஆசிரியரும் கொண்ட ஒரு கூட்டம் குன்மிங் நகரை நோக்கிப் புறப்பட்டது. ஆயிரம் மைல் தூரத்தை, பெரும்பகுதியும் கால்நடையாகவே, 68 நாட்களில் அவர்கள் கடந்தனர். தகரக் கூரையின் கீழும் வைக்கோற் கூரையின் கீழும் நடைபெற்ற அப்பல்கலைக்கழகத்திற் கற்ற இருவர், யாங்கும் லீயும், 1957 இற் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அகதிக் கொட்டிலில் இருப்பவன் யார், அவன் நாளை யாராவான் என்பதை அளந்து கூற வல்லார் எவருமிலர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின், 1950 இல், சர்வதேச மாணவர் சேவை மேற்கூறிய உலகப் பல்கலைக்கழகச் சேவையாக உருமாறிற்று. 1956 நவம்பரில் சோவியத் தாங்கிகள் ஹங்கேரிக்குள் மீண்டும் புகுந்தன. ஏறத்தாழ 200,000 பேர் எல்லை கடந்தனர். ஒஸ்திரிய எல்லையை அடுத்த சொப்ரொன் நகரின் வனவியற் கல்லூரியினர் ஆசிரியரும் மாணவருமாக வெளியேறினர். அவர்களுடைய பீடாதிபதி கால்மான் றொல்லர், பல நாடுகளுக்கும் கடிதம் எழுதி, தம் மாணவரைப் பிரிக்காமல் ஒருசேர ஏற்குமாறு வேண்டினார். கனடா இசைந்தது. 1957 இன் தொடக்கத்தில் வான்கூவரை அடைந்த ஏறக்குறைய 200 மாணவரும் 14 ஆசிரியரும், பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ‘சொப்ரொன் பிரிவு’ என்ற பெயருடன் தங்கள் படிப்பைத் தொடர்ந்தனர். பாடங்கள் முதலில் ஹங்கேரிய மொழியிலேயே நடைபெற்றன. ஆங்கிலம் படிப்படியாகப் புகுந்தது. 1961 அளவில் ஏறத்தாழ 140 பேர் பட்டம் பெற்று அப்பிரிவு நிறைவுற்றது. வந்தோரைத் தம்முட் கரைத்துவிட அவசரப்படாது, அவர்கள் கல்வி அறாவண்ணம் காத்தமையே இவ்விருந்தோம்பலின் சிறப்பாகும்.

இதன்பின் 1958 இல் நான்கு இளம் பிரித்தானியர் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே ‘உலக அகதிகள் ஆண்டு’ என்ற எண்ணத்துக்கு வித்திட்டது. அவருள் ஒருவர் புகழ்பெற்ற ஓட்டவீரர் கிறிஸ்தோபர் சாட்டவே. ஐக்கிய நாடுகள் சபை ஏற்க, 1959 யூன் தொடக்கம் ஓராண்டு அது அனுட்டிக்கப்பட்டது. பிரித்தானியாவில் மட்டும் 90 இலட்சம் பவுணுக்கு மேல் திரண்டது. எனினும் ஆண்டு முடிந்ததும் ஆரவாரமும் அடங்கிற்று. ஓராண்டுக்கென மூட்டிய தீ ஓராண்டே எரியும்.

இக்குறையை நீக்கும் வழியைக் கண்டவர் கனேடிய மாணவர் எனலாம். 1976 ஆம் ஆண்டின் கனேடியக் குடிவரவுச் சட்டம், குடிமக்கள் குழுவாக இணைந்து அகதிகளைப் பொறுப்பேற்று அழைக்க இடமளித்தது. இதனைப் பற்றிக்கொண்டு, கனடாவின் உலகப் பல்கலைக்கழகச் சேவை 1978 இல் அகதி மாணவர் திட்டத்தைத் தொடங்கிற்று. இதன் நடைமுறை எளியது. ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் எல்லோரும் வாக்களித்து, ஆண்டுதோறும் கட்டணத்துடன் ஒரு சிறு தொகையைச் செலுத்த இசைவர். அந்தச் சில டொலர்கள் ஆயிரக்கணக்கானோரிடமிருந்து சேரும்போது, ஓர் அகதி மாணவனின் முதலாண்டுச் செலவுக்குப் போதியதாகும். கென்யாவின் டடாப், ககுமா ஆகிய முகாம்களிலிருந்தும் மலாவியின் சலேக்கா முகாமிலிருந்தும் தெரிவு செய்யப்படுவோர், விருந்தினராகவன்றி நிரந்தர வதிவாளராகவே அந்நாட்டில் கால்வைக்கின்றனர். மாணவர் குழுவினர் விமான நிலையத்துக்குச் சென்று வரவேற்பர்; குளிராடை வாங்கிக் கொடுப்பர்; வங்கிக் கணக்குத் திறப்பதிலிருந்து நூலகத்திற் புத்தகம் எடுப்பதுவரை உடனிருந்து காட்டுவர். இதுவரை 2,000 பேருக்கு மேற்பட்டோர் இவ்வாறு கற்றுள்ளனர். அவருட் பலர், தம்மை அழைத்த அதே குழுவில் அமர்ந்து, அடுத்து வருபவரை வரவேற்கச் செல்கின்றனர். வியன்னாவின் இரண்டாம் விதி இங்கு மீண்டும் தலைகாட்டக் காண்கிறோம்.

பிரித்தானியாவில் 1994 இல் நொட்டிங்காம் பல்கலைக்கழக மாணவர் தொடங்கிய ‘அகதிகளுக்கான மாணவர் செயற்பாடு’ என்னும் இயக்கம் வேறொரு துறையில் இறங்கியது. அது அகதிகளுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்றுவதோடு, அகதி யார், அவர் ஏன் வந்தார் என்பதைச் சக மாணவருக்கு எடுத்துரைக்கும் பணியையும் மேற்கொண்டது. தஞ்சங்கோரி வந்த மாணவரிடம் வெளிநாட்டவருக்குரிய பெருங்கட்டணம் அறவிடுதல் அநீதி என வாதாடிப் பல பல்கலைக்கழகங்களிற் புலமைப்பரிசில்களையும் பெற்றுத் தந்தது. பணம் திரட்டுவது ஒரு பங்கு. அறியாமையைப் போக்குவது மறுபங்கு. இரண்டாவதில்லாத முதலாவது நெடுநாள் நில்லாது.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் வன்முறையால் இடம்பெயர்ந்திருந்தோர் 11 கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அகதி இளைஞருள் உயர்கல்வி பெற்றோர் நூற்றுக்கு 7 பேரளவினரே. இக்கடலில் ஆண்டுக்குச் சில நூறு பேரைக் கரையேற்றுதல் எம்மாத்திரம்? அன்றியும், முகாமிற் சிறந்த மாணவரையே பொறுக்கியெடுத்துச் செல்லுதல், எஞ்சியோரை மேலும் வறியராக்காதோ? இவ்வினாக்கள் நியாயமானவை. ஆயினும், 2019 இல் அந்த வீதம் 3 ஆகவே இருந்தது என்பதையும், 2030 இல் அதனை 15 ஆக்குதலே ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர்தானிகராலயம் கொண்ட இலக்கு என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அரசுகள் மாத்திரம் இவ்வேற்றத்தை உண்டாக்கவில்லை. முகாமிலுள்ள சிறுவனுக்கு, தன் ஊரவன் ஒருவன் பல்கலைக்கழகம் சென்றான் என்ற செய்தியே, எட்டாம் வகுப்போடு நிற்காமைக்கு ஒரு காரணமாகின்றது.

நம்மவரும் இதற்குச் சான்று தந்துள்ளனர். 1983 இன் பின் தமிழகம் சென்றோரிடையே, 1984 இல் எஸ். சி. சந்திரகாசன் சென்னையில் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், கல்வியையே முதற்பணியாகக் கொண்டது. முகாமிற் பிறந்து வளர்ந்த இளைஞரே மாலை வகுப்புக்களில் தம்பி தங்கையருக்கு ஆசிரியராயினர். உதவி பெறுவோனே உதவுவோனாதல் என்ற அந்தப் பழைய விதி, வியன்னாவைக் கேள்விப்பட்டிராதோரிடத்தும் தானே முளைத்தது.

இனி, இப்பொருளை யான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதையும் கூறிவிடுதல் முறையாகும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்தினின்றும் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மழையில் நனைந்து நடந்தோருள் யானும் ஒருவன். அப்போது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லை கடந்தவனே அகதி. நாட்டுக்குள் அலைபவன் இடம்பெயர்ந்தவன் எனச் சட்டநூலார் பிரித்துரைப்பர். ஊரார் எம்மை அகதி என்றே அழைத்தனர். கதியற்றவன் என்பதே அச்சொல்லின் பொருள். எமக்கு மாலை வகுப்பிற்கு இடமளித்த பாடசாலையொன்றில், கொப்பிகள் பகிர்ந்தளிக்கப்பட்ட நாளில், காலைக்கூட்டத்தில் எம்மைத் தனிவரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டனர். ஈந்தவர் மனத்திற் குற்றமில்லை. ஒழுங்குக்காகவே அவ்வாறு செய்தனர். எனினும் அந்தப் பத்துக் கொப்பிகளின் பாரம் இன்றும் என் கையிலுள்ளது.

அதே பாடசாலையின் காலை வகுப்பு மாணவன் ஒருவன், தான் குறிப்பெழுதும் தாளின்கீழ் ஒரு கரித்தாளை வைத்து எழுதி, பிரதியை நாள்தோறும் மேசை இழுப்பறையில் எனக்காக விட்டுச் சென்றான். இரு வாரங்கள்வரை நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. கணக்கிற் பிழைவிட்ட இடத்தை யான் திருத்தி வைத்தேன். மறுநாள் அவன் அதன்கீழ் நன்றி என்று எழுதியிருந்தான். அன்றுதான் யான் மீண்டும் மாணவனானேன். கொப்பி தந்தோர் என்னை அகதியாகக் கண்டனர். கரித்தாள் வைத்தவன் என்னைத் தன் வகுப்புத் தோழனாகக் கண்டான். நூறாண்டு வரலாற்றை ஆராய்ந்து யான் பெற்ற முடிபு, அந்த மேசை இழுப்பறையிற் பெற்றதனின் வேறன்று.

நிற்க, அகதி என்போர் எங்கோ தொலைவில் உள்ளோரல்லர். 2024 டிசெம்பரில், மியன்மாரினின்றும் விரட்டப்பட்ட ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவரும் பெண்களுமாக, ஒரு படகில் முல்லைத்தீவுக் கடலை அடைந்தனர். முதலில் உணவும் நீரும் கொண்டு சென்றோர் அவ்வூர் மீனவரே. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நம் நாடு ஒப்பமிட்டதில்லை. ஆயினும், 2009 இல் அதே கடற்கரையில் யாவற்றையும் இழந்த அம்மக்களுக்கு உடன்படிக்கை எதுவும் வேண்டப்படவில்லை.

நம் கல்லூரிச் சங்கங்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை மூன்று. ஆண்டுக்கொரு நாட் பெருந்தொகை திரட்டுவதினும், மாதந்தோறும் யாவரும் ஒரு சிறு நாணயம் இடுதல் நன்று. யார் என்று கேளாது, என்ன தேவை என்று கேட்டல் நன்று. எல்லாவற்றினும் மேலாக, வந்தவனைத் தனிவரிசையில் நிறுத்தாது, சங்கத்தின் குழுவிலேயே ஓர் ஆசனம் அளித்தல் நன்று. மண்டபமும் மேடையும் இல்லாதவிடத்தும் இம்மூன்றும் இயலும். ஒரு கரித்தாளின் விலை அன்று சில சதங்களே.